சொந்த மண்ணின் திசில்: எதை வைப்பது, எதைப் பிடுங்குவது

அமெரிக்காவின் கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் கொஞ்சம் நிலத்தைப் பழையபடி பிரெய்ரி புல்வெளியாக மாற்ற நினைப்பவர்கள் புல் விதை, பூ விதை எல்லாம் தேர்ந்தெடுத்த பிறகு ஒரு கேள்வியில் தயங்கி நிற்பார்கள். திசில் வைக்கலாமா? சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி; ஊதாப் பூ; பெயரைக் கேட்டாலே பக்கத்து நிலத்துக்காரர் களைக்கொல்லியைத் தேடுவார். ஆனால் அந்தக் கெட்ட பெயரைச் சம்பாதித்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த நாலைந்து இனங்கள்தாம். திசில்களில் சிர்சியம் என்பது ஒரு பேரினம்; அதில் வட அமெரிக்காவுக்கே உரிய இனங்கள் ஏறத்தாழ 60 உண்டு. அவற்றில் பெரும்பாலானவை நிலத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. சில அழிவின் விளிம்பில் இருக்கின்றன.

தேர்வு செய்யும்போது பூவின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்து முடிவெடுப்பதுதான் வழக்கமான தவறு. பார்க்க வேண்டியது வேர். ஆணிவேரா, படர்வேரா, பூத்தபின் வேர் சாகுமா என்பது தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். மீதிப் பாதி உங்கள் நிலத்தின் ஈரம்.

முதலில் இருப்பதை அடையாளம் காணுங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன் நிலத்தில் ஏற்கெனவே நிற்பது என்ன என்று பாருங்கள். நல்ல செடியைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்டுவைத்தவர்கள் நிறைய.

ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல் அடர்த்தியாக வெளுத்திருந்து, தண்டில் முள் இறக்கைகள் ஓடாமல் இருந்தால் அது பெரும்பாலும் இந்த மண்ணின் செடி. கனடா திசில் எனப்படும் சிர்சியம் ஆர்வென்ஸின் இலையடி பச்சையாகவோ லேசாக வெளிறியோ இருக்கும். (பெயரில்தான் கனடா, பூர்வீகம் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும்.) இலையடி மட்டும் போதாது, அடிப்புறம் வெள்ளையான கனடா திசிலும் அங்கங்கே உண்டு. அதனால் பூத்தலையையும் சேர்த்துப் பாருங்கள். கனடா திசிலின் பூத்தலை சிறியது, 1 முதல் 1.5 செ.மீ. அகலம், கிளை நுனியில் பலவாகக் கூடியிருக்கும். அடியிலுள்ள செதில்களில் முள் இருப்பதே தெரியாது. சொந்த இனங்களின் தலை அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பெரியது. பெரும்பாலானவற்றின் செதில் நுனிகளில் தெளிவான முள் நிற்கும் (சதுப்பு நிலத்துச் சுவாம்ப் திசில் விதிவிலக்கு).

புல் திசில் (ஆங்கிலத்தில் bull, நம் புல் அல்ல) எனப்படும் சிர்சியம் வல்கேர் இன்னொரு ஐரோப்பிய வரவு. இலையின் மேற்புறத்தை விரலால் தடவினால் சொரசொரவென்று சிறு முட்கள் குத்தும். தண்டு முழுக்க முள் இறக்கை. மஸ்க் திசில் தலை கவிழ்ந்து நிற்கும், பெரிய தலை, அகலமான செதில்கள். அது சிர்சியம் அல்ல, கார்டூவஸ் என்ற வேறு பேரினம். சந்தேகம் வந்தால் முற்றிய தலையிலிருந்து ஒரு விதையை எடுத்துப் பஞ்சை லென்ஸில் பாருங்கள். சிர்சியத்தின் பஞ்சிழை ஒவ்வொன்றும் பறவை இறகுபோல் பக்கக் கிளை விட்டிருக்கும்; கார்டூவஸின் இழை வெறும் நூல். இதில் ஏமாற வாய்ப்பில்லை.

வேவிலீஃப் திசில்: வறண்ட நிலத்துக்கு முதல் தேர்வு

சிர்சியம் அண்டுலேட்டம். மேற்குக் கனடாவிலிருந்து பெருஞ்சமவெளி வழியாக மெக்சிகோ வரை இதன் நாடு. பல்லாண்டுச் செடி. உயரம் பொதுவாக 2 முதல் 4 அடி. இலை இரண்டு பக்கமும் சாம்பல் வெள்ளை. ஓரம் அலையலையாக மேலும் கீழும் நெளிந்து, ஒவ்வொரு நெளிவின் முனையிலும் மஞ்சள் முள். தூரத்திலிருந்து பார்த்தால் செடியே வெள்ளி பூசியதுபோல் தெரியும். அந்த மயிரடர்த்தி அலங்காரத்துக்கு அல்ல. வெயிலைத் திருப்பி அனுப்பவும் இலையின் ஈரத்தை உலர்காற்று உறிஞ்சாமல் தடுக்கவும்.

பூத்தலை தண்டு நுனியில் ஒன்றிரண்டாக வரும், இளஞ்சிவப்பு கலந்த ஊதா, 4, 5 செ.மீ. அகலம். அடிச் செதில் ஒவ்வொன்றின் முதுகிலும் வெளிறிய நீள வரம்பு ஒன்று ஓடும். தொட்டால் பிசுபிசுக்கும். எறும்பும் சிறு ஈயும் அதில் ஒட்டிச் செத்துக் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்டு வழியாக ஊர்ந்து வரும் பூச்சி பூவுக்குள் நுழைய இந்தப் பிசின் தடை. பறந்து வரும் பம்பிள் தேனீக்குப் பிரச்சினை இல்லை.

வேர் ஆழமான ஆணிவேர். அதிலிருந்து சில சமயம் பக்கத்தில் புதுத் தளிர் வரும், ஆனால் கனடா திசில்போல் தோட்டத்தையே வளைத்துக்கொள்ளும் வலை இதற்கு இல்லை. பூத்த தண்டு விதை கொட்டியதும் காய்ந்துவிடும். வேர் தொடர்வதால் அடுத்த ஆண்டும் தரையோடு ஒட்டிய இலைவட்டம் எழும். வாங்கி வைத்தால் அதே இடத்தில் நிற்கும் செடி வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இதன் எதிரி ஈரம்தான். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் குளிர்காலத்தில் வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதி அழுகும். உரமிட்ட தோட்ட மண்ணில் வளரத்தான் செய்யும், ஆனால் வெள்ளி நிறம் மங்கி, தண்டு நீண்டு, ஜூலைக் காற்றில் சாய்ந்துவிடும். மாடு மேயும் நிலத்தில் வைத்தால் வேறொரு சிக்கல்: மாடு சுற்றியுள்ள புல்லைத் தின்று இதை ஒதுக்கிவிடும், காலியான மண்ணில் விதை விழுந்து பெருகும். அதிகம் மேய்ந்த மேய்ச்சல் காட்டில் இது கூட்டமாகத் தெரிவதற்குக் காரணம் செடியின் குணமல்ல, மேய்ச்சலின் அளவு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இது சொந்தச் செடி அல்ல. அங்கே இதை வைக்காதீர்கள்.

ஃப்ளாட்மேன் திசில்: ஈரம் கொஞ்சம் உள்ள வடக்கு நிலத்துக்கு

சிர்சியம் ஃப்ளாட்மேனியும் பல்லாண்டுச் செடிதான். வட டகோட்டா, மினசோட்டாவின் மேற்கு, மனிடோபா, சஸ்காட்செவன் பக்கத்துப் புல்வெளிகளில் இயல்பு. வேவிலீஃபிலிருந்து பிரித்தறிய எளிய வழி: இதன் இலை மேற்புறம் பச்சை, அடிப்புறம் மட்டும் வெள்ளை, முதிர்ந்த இலை நடுநரம்பு வரை ஆழமாகப் பிளந்திருக்கும். தலை சற்றுச் சிறியது, நிறம் அழுத்தமான ரோஜா ஊதா. பூக்கும் காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை.

இதற்குக் கிடைவேர் உண்டு, அதில் மொட்டு விட்டுப் புதுச் செடி எழும். ஆகவே ஓர் எச்சரிக்கை: 3, 4 அடி அகலப் பூப்பாத்தியில் இது வேண்டாம். சில ஆண்டுகளில் அண்டைச் செடிகளுக்கு நடுவே தலைகாட்டும். புல் நெருங்கி வளர்ந்த திறந்த வெளியில் அதே குணம் நன்மை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளர்ந்த கூட்டமாக நிற்கும், புல்லை நசுக்காது. களையெடுக்கும் ஆட்கள் கனடா திசில் என்று நினைத்து அழிப்பது பெரும்பாலும் இதைத்தான், ஏனென்றால் இரண்டுமே கூட்டமாக நிற்கும். நிலத்தில் வேலை செய்ய ஆள் வைத்திருப்பவர்கள் இந்தச் செடிகளுக்குக் கலர் கொடி குத்திவைப்பது நல்லது.

கிழக்கே போனால்: ஃபீல்ட் திசிலும் டால் திசிலும்

கான்சாஸின் மேற்கு எல்லையில் ஆண்டுக்கு 400 முதல் 500 மி.மீ. மழை, தென்கிழக்கு மூலையில் 1000 மி.மீ.க்கும் மேல். ஒரே மாநிலத்துக்குள்ளேயே தேர்வு மாறிவிடும். மழை கூடின கிழக்குப் பாதிக்கு ஃபீல்ட் திசில் (சிர்சியம் டிஸ்கலர்) பொருந்தும்.

இது முழுமையான பல்லாண்டுச் செடி அல்ல. முதலாண்டு இலைவட்டம், இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ 4 முதல் 7 அடி உயரம் எழுந்து பூத்து, விதை கொட்டிச் செத்துவிடும். சில செடிகள் இன்னும் ஓரிரு ஆண்டு இழுக்கும். அதனால் வைத்த இடத்தில் நிரந்தரமாக எதிர்பார்க்க முடியாது. அருகே கொஞ்சம் வெற்று மண் விட்டுவைத்துத் தானே முளைக்க விட வேண்டும். இலை ஆழமாகப் பிளந்து, அடிப்புறம் பளீரென்ற வெள்ளை. பூத்தலைக்குக் கீழே சின்ன இலைகள் காலர்போல் சுற்றி நிற்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூ. தெற்கே மெக்சிகோவுக்குப் பறக்கும் மொனார்க் பட்டாம்பூச்சிகளுக்கு அந்தச் சமயத்தில் தேன் கிடைக்கும் பூக்களில் இது முக்கியமானது.

டால் திசில் (சிர்சியம் அல்டிசிமம்) இதன் நெருங்கிய உறவு, இரண்டும் கலந்து கலப்பினமும் உண்டாகும். இலை பெரும்பாலும் பிளவில்லாதது, உயரம் 10 அடியைத் தொடும், அரைநிழலையும் பொறுக்கும். மரத்தோப்பின் ஓரத்துக்கு இதுதான் சரி. வீட்டுச் சன்னலுக்கு எதிரே வைத்தால் செப்டம்பரில் வருத்தப்படுவீர்கள்.

சதுப்பு நிலம் இருந்தால் சுவாம்ப் திசில் (சிர்சியம் மியூட்டிக்கம்): ஈராண்டுச் செடி, செதிலில் முள் இல்லை, சிலந்தி வலைபோல் மயிர் மட்டும். சுவாம்ப் மெட்டல்மார்க் என்ற அரிய பட்டாம்பூச்சியின் புழு இதன் இலையை நம்பி வாழ்கிறது. வறண்ட மண் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றி மேலே படிக்க ஒன்றுமில்லை.

ஆசைப்படக் கூடாத இரண்டு

ஹில்ஸ் திசில் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பெரிய ஏரிகளைச் (கிரேட் லேக்ஸ்) சுற்றியுள்ள வறண்ட மணற்பாங்கான நிலத்துப் பல்லாண்டுச் செடி. 1, 2 அடி உயரம், குட்டையான தண்டில் பெரிய பூ. பார்க்க மிக அழகு. விஸ்கான்சினில் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. பிட்சர்ஸ் திசில் அதே ஏரிகளின் கரை மணல்மேடுகளுக்கு மட்டுமே உரியது. 5 முதல் 8 ஆண்டு இலைவட்டமாகவே இருந்து, ஒரே ஒருமுறை பூத்து முடிந்துவிடும். 1988 முதல் கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு. காட்டிலிருந்து இவற்றின் விதையை எடுப்பதும் செடியைப் பெயர்ப்பதும் கூடவே கூடாது. பெயர்த்தாலும் பிழைப்பது அரிது, பிட்சர்ஸ் திசிலின் ஆணிவேர் ஆளுயரத்துக்கு மணலுக்குள் போயிருக்கும்.

கூன்வண்டு கணக்கு

தேர்வில் பலரும் விட்டுவிடும் விஷயம் பூக்கும் மாதம். மஸ்க் திசிலைக் கட்டுப்படுத்த ரைனோசில்லஸ் கோனிகஸ் என்ற ஐரோப்பியக் கூன்வண்டைக் கனடாவில் 1968-லும் அமெரிக்காவில் 1969-லும் இறக்கினார்கள். அது மஸ்க் திசிலோடு நிற்கவில்லை. நெப்ராஸ்கா மணற்குன்றுகளின் பிளாட் திசிலில் (சிர்சியம் கேனசென்ஸ்) அது விதையைத் தின்று தீர்ப்பதை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்வாட்டா லவுடாவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்டார்கள். வண்டு முட்டையிடுவது வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும். பிளாட் திசில் சரியாக அப்போதுதான் மொட்டு விடுகிறது. அதனால்தான் அடி பலமாக விழுந்தது.

இதைத் தேர்வோடு பொருத்திப் பார்த்தால்: ஆகஸ்டில் தொடங்கும் ஃபீல்ட், டால் திசில்கள் பெரும்பாலும் தப்பிவிடும். வேவிலீஃப் பூப்பது இரண்டுக்கும் நடுவில், முதலில் வரும் தலைகளில் முட்டை இருக்கும், பின்னால் வருபவற்றில் குறையும். செதில்மேல் பழுப்பு மூடி போட்ட புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகள். அந்தத் தலைகளை மட்டும் வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிடலாம். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். திசிலையே நம்பி வாழும் மெலிசோட்ஸ் டெஸ்பான்சஸ் போன்ற நீளக்கொம்புத் தேனீக்களும் பெயின்டட் லேடி பட்டாம்பூச்சிப் புழுக்களும் அதே செடியில்தான் இருக்கும். அவற்றுக்காகத்தானே இந்தச் செடியே.

விதையா, நாற்றா

இரண்டும் கிடைத்தால் சிறு பாத்திக்கு நாற்று, கால் ஏக்கருக்கு மேல் விதை. நாற்று வாங்கும்போது சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். தொட்டியில் வேர் சுருண்ட பெரிய செடி மண்ணில் வைத்த பின்னும் ஆணிவேரை நேராக இறக்காது. முதல் வறட்சியில் வாடும்.

விதை வழி என்றால் குளிர் நேர்த்தி தேவை. எளிய முறை இலையுதிர் காலத்தின் கடைசியில், நவம்பர் வாக்கில், நேரடியாக விதைப்பது. மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும். வசந்தத்தில் விதைக்க வேண்டுமானால் ஈர மணலோடு கலந்து சிப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் 60 நாள் வையுங்கள். மணலைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் மூன்றாம் வாரத்தில் பூசணம் பிடிக்கும். ஆழம் அரை செ.மீ. போதும். குழித்தட்டில் போடுவதாக இருந்தால் 10 செ.மீ.க்குக் குறையாத ஆழமுள்ள குழி. நாலு உண்மை இலை வந்ததும் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். இடைவெளி வேவிலீஃபுக்கு ஒன்றரை அடி, ஃபீல்ட் திசிலுக்கு இரண்டு, டால் திசிலுக்கு இரண்டரை.

விதைத்தும் ஒன்றும் வரவில்லை என்ற புகாருக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். ஒன்று, பதர். தலைக்குள் ஈயும் வண்டும் தின்றுபோக மிச்சம் வெறும் தோல். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக, பளபளப்பாக, நிறைந்திருந்தால் நல்ல விதை, அமுங்கினால் வீண். இன்னொன்று, புல். திசில் நாற்றுக்குப் போட்டியைத் தாங்கும் பலம் கிடையாது. அடர்ந்த புல்லுக்குள் தூவிய விதை முளைத்தாலும் நிழலில் மடியும். ஓர் அடிச் சதுரம் புல்லை நீக்கி மண்ணைக் கீறிவிட்டு, அதில் 5, 6 விதை. மூடாக்கு போட்டால் தண்டைச் சுற்றி நாலு விரல் விட்டுப் போடுங்கள்.

முதலாண்டு எல்லா இனமும் தரையோடு ஒட்டிய இலைவட்டமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் களை என்று பிடுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. குச்சி நட்டு அடையாளம் வையுங்கள்.

வாங்கும்போது விஞ்ஞானப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். நர்சரிகளில் குளோப் திசில் என்று விற்பது எக்கினாப்ஸ், வேறு பேரினம், வட அமெரிக்கச் செடி அல்ல. பறவை உணவுக் கடையில் 'திசில் விதை' என்று விற்கும் கறுப்பு விதையோ நம்மூர்ப் பேயெள்ளு. எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் விளைவது. முளைக்காதபடி சூடுபடுத்தித்தான் இறக்குமதி செய்கிறார்கள். கோல்ட்ஃபிஞ்ச் குருவி அதை விரும்பித் தின்னும், ஆனால் உண்மையான திசிலில் இருந்து அது விதையை மட்டும் எடுப்பதில்லை, பஞ்சையும் எடுத்துக் கூட்டுக்கு மெத்தை போடும். மற்ற குருவிகளைவிடத் தாமதமாக அது கூடு கட்டுவது திசில் பஞ்சு வெடிக்கும் காலத்தோடு ஒத்துப்போகிறது.

களை இருக்கும் நிலத்தில்

கனடா திசில் ஏற்கெனவே இருந்தால் சொந்த இனத்தை இந்த ஆண்டு வைக்காதீர்கள். முதலில் அதை ஒழியுங்கள்; இரண்டும் கலந்தபின் பிரித்து மருந்தடிப்பது நடக்காத காரியம். அதன் கிடைவேர் பல அடி ஆழத்திலும் ஓடும்; ஒரு சிறு துண்டு போதும், புதுச் செடி எழும். உழுதால் களையை நாமே நாற்று நட்டதுபோல் ஆகிவிடும். மொட்டு விடும் பருவத்தில் தரையோடு வெட்டி, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வெட்டினால் வேரின் சேமிப்பு கரையும். இரண்டு பருவமாவது ஆகும். க்ளோபிரலிட், அமினோபிரலிட் வகை மருந்துகள் வேலை செய்யும், ஆனால் அவை சூரியகாந்தி, அவரைக் குடும்பச் செடிகளையும் கொல்லும். அமினோபிரலிட் பட்ட புல்லைத் தின்ற மாட்டின் சாணத்திலும் அதன் எச்சம் தங்கும். அந்த உரம் போட்ட தக்காளிச் செடி இலை சுருண்டு போகும். புல் திசிலுக்கும் மஸ்க் திசிலுக்கும் இவ்வளவு பாடு இல்லை. மண்ணுக்குக் கீழ் 3 முதல் 5 செ.மீ.யில் ஆணிவேரை மண்வெட்டியால் அறுத்தால் தீர்ந்தது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. கனடா திசில் பெரும்பாலான மாநிலங்களின் களைப்பட்டியலில் உண்டு. உங்கள் கவுன்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) பட்டியலில் இனத்தின் பெயர் தனியாக இருக்கிறதா, பொத்தாம்பொதுவாக 'திசில்' என்று இருக்கிறதா என்று நடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பொதுவாக எழுதியிருந்தால், தெருவைப் பார்த்த பக்கத்தில் வைக்காமல் உள்ளே வையுங்கள். விதை வாங்கிய ரசீதையும், விஞ்ஞானப் பெயர் எழுதிய பலகையையும் அப்படியே வைத்திருங்கள். களை ஆய்வாளர் வந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.